தொழில் கற்றால் மட்டும் போதுமா? பீடித்தட்டு சொல்லும் சரித்திரம்

தென்காசியிலிருந்து கடையநல்லூர் போகிற வழியிலோ, பாவூர்சத்திரம் தாண்டி ஆலங்குளம் போகிற வழியிலோ எந்த ஊருக்குள் நுழைந்தாலும் ஒரு காட்சி தப்பாமல் கண்ணில் படும். மத்தியான வேளையில் திண்ணையிலும் வேப்பமர நிழலிலும் பெண்கள் கூடி உட்கார்ந்திருப்பார்கள். மடியில் ஒரு தட்டு. தட்டில் வெட்டிய இலை, கொஞ்சம் தூள், நூல் கண்டு. வாய் ஊர்க்கதை பேசும். கை பீடி சுற்றும்.

இவர்கள் யார்? நம் வீட்டுப் பெண்கள்தான். நாற்று நட்டவர்கள், களை எடுத்தவர்கள். வயலில் வேலை இல்லாத மாதத்திலும், மழை பொய்த்த வருஷத்திலும் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்தத் தட்டை நம்பித்தான். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவும், ஏன், சில சமயம் நமக்கு உரம் வாங்கின காசும் இதிலிருந்து வந்ததுதான்.

இப்போது பீடி வேலை முன்னைப் போல இல்லை. அதே சமயம் ஊர் ஊருக்குப் பயிற்சி வகுப்பு என்கிறார்கள். தையல் என்கிறார்கள், ஊறுகாய் என்கிறார்கள், கம்ப்யூட்டர் என்கிறார்கள். "போனா பிரயோசனம் உண்டா, இல்ல சர்டிபிகேட்டோட சரியா?" என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. கிராமத்துப் பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் முயற்சிகள் நம் நாட்டில் எழுபது வருஷத்துக்கு மேலாக நடந்து வருகின்றன. எது நின்றது, எது விழுந்தது என்று திரும்பிப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

பள்ளிக்கூடம் இல்லாத படிப்பு

முதலில் பீடித்தட்டையே எடுத்துக்கொள்வோம். பீடி சுற்றுவது லேசான வேலை என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். சுற்றிப் பார்த்தால்தான் தெரியும். இலையை நனைத்துப் பதமாக வைக்க வேண்டும். ஈரம் கூடினால் பூஞ்சணம் பிடிக்கும். குறைந்தால் இலை வெடிக்கும். அளவுத் தகரத்தை வைத்து, நரம்பு போகிற போக்குப் பார்த்துக் கத்தரிக்க வேண்டும். தூள் கூடாமல் குறையாமல் பரப்பி, ஒரு பக்கம் ஒடுங்கி ஒரு பக்கம் அகன்று வரும்படி உருட்டி, வாயை மடக்கி, நூல் கட்ட வேண்டும். இப்படி ஆயிரம் பீடி சுற்றினால்தான் ஒரு கணக்கு. கூலியே ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான்.

இதை யார் கற்றுக்கொடுத்தது? சர்க்கார் வகுப்பு எதுவும் இல்லை. அம்மாவைப் பார்த்து மகள், மாமியாரைப் பார்த்து மருமகள். சின்னப் பிள்ளையில் பீடியின் வாயை மடக்கிக் கொடுப்பதில் ஆரம்பித்து, அப்படியே பள்ளிக்கூடத்தை விட்ட பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆகவே, நம் பெண்களுக்குக் கைத்திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இவ்வளவு நுணுக்கமான கை இருந்தும் கூலி ஏன் ஏறவில்லை? அதைத்தான் யோசிக்க வேண்டும்.

பீடி இலை தென்காசியில் விளைகிறதா? இல்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, தெலங்கானாக் காடுகளில் கோடைகாலத்தில் பறித்து, காயவைத்து, மூட்டை கட்டி ரயிலிலும் லாரியிலும் வருகிறது. புகையிலை குஜராத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருகிறது. செய்த பீடி எங்கே விற்கும், என்ன விலைக்கு விற்கும் என்பதும் சுற்றுகிறவளுக்குத் தெரியாது. சரக்கு அடுத்தவன் கையில், சந்தையும் அடுத்தவன் கையில். நடுவில் இருக்கிற கை மட்டும் நம்முடையது. இலை குறைச்சலாகப் போட்டுக் கொடுத்தாலும், "இது சரியில்லை" என்று கட்டுக் கட்டாகக் கழித்தாலும், வாயை மூடிக்கொண்டு வர வேண்டியதாக இருந்தது. கை கெட்டிக்காரக் கைதான். ஆனால் கையில் பிடி இல்லை.

இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

பாப்பாங்குளத்து ராட்டை

சுதந்திரம் வந்த புதிதில் கிராமத்துப் பெண்களுக்கு வேலை கொடுப்பது எப்படி என்ற கேள்வி எழுந்தது. அதற்குப் பதிலாக வந்த கருவி ஒன்று நம் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தது என்பது உங்களில் பல பேருக்குத் தெரியாமல் இருக்கலாம். பாப்பாங்குளத்தைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் என்பவர் 1949-ல் ஒரு புது ராட்டையைச் செய்தார். பழைய ராட்டையில் ஒரே கதிர். இவர் ராட்டையில் ஒன்றுக்கு மேற்பட்ட கதிர்கள். ஒரே சுற்றில் பல இழை நூல் வரும். அவர் பெயரின் 'அம்பர்' என்ற பகுதியை வைத்தே அதற்கு அம்பர் சர்க்கா என்று பெயர் வந்தது.

1955-ல் கார்வே கமிட்டி கிராமக் கைத்தொழில்களைப் பற்றி அறிக்கை கொடுத்தது. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் 1956-ல் தொடங்கியபோது, அம்பர் சர்க்கா நாடு முழுக்கப் போயிற்று. கிராமத்துப் பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகையும் உண்டு. கற்றுக்கொண்டவர்கள் ஏராளம்.

பிறகு என்ன ஆயிற்று? பஞ்சு வர வேண்டும். வராவிட்டால் ராட்டை நிற்கும். நூல் போக வேண்டும்; நெசவாளி வாங்காவிட்டால் நிற்கும். ராட்டை பழுதானால் சரிசெய்ய ஆள் வேண்டும். மில் நூலோடு விலையில் போட்டிபோட முடியவில்லை. சர்க்கார் மானியம் இருந்தவரைக்கும் ஓடியது. பல ஊர்களில் கற்றுக்கொண்ட பெண்கள் தொடர்ந்து நூற்கவில்லை. ராட்டைகள் மூலையில் கிடந்தன. குறை ஏகாம்பரநாதன் செய்த கருவியில் இல்லை, கற்ற பெண்களிடமும் இல்லை. கற்றுக்கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்ததில்தான் குறை.

சட்டம் வந்தது, பேர் வந்தது

இனி பீடிக்கு வருவோம். 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் என்று நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதில் முக்கியமான சங்கதி என்னவென்றால், முதலாளியோ ஏஜெண்டோ சரக்குக் கொடுத்து, வீட்டில் வைத்துச் சுற்றிக் கொடுக்கிறவளும் 'தொழிலாளி'தான் என்று அது சொன்னது. மகப்பேறு உதவி வீட்டில் சுற்றுகிறவளுக்கும் உண்டு என்றது. சரக்குக் கொடுப்பதிலும், பீடியைக் கழிப்பதிலும் தகராறு வந்தால் தீர்க்க ஒரு அதிகாரி வேண்டும் என்றது. முதலாளிகள் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1974-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது.

1976-ல் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்தது. விற்கிற பீடிக்கு ஒரு சிறு தொகை வரி எடுத்து, அதிலிருந்து மருத்துவம், பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி, வீடு கட்ட உதவி என்று கொடுத்தார்கள். முக்கூடலில் பீடித் தொழிலாளருக்கென்று மத்திய சர்க்கார் ஆஸ்பத்திரி வந்தது இந்த வகையில்தான்.

வைப்பு நிதி விஷயத்தில் இன்னொரு வழக்கு நடந்தது. "வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவர்களை நாங்கள் மேற்பார்வை செய்வதில்லையே, அவர்கள் எப்படி எங்கள் தொழிலாளி ஆவார்கள்?" என்று முதலாளிகள் வாதாடினார்கள். 1985-ல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? பீடி சரியில்லை என்று கழிக்கிற உரிமை முதலாளிக்கு இருக்கிறதே, அந்த உரிமையே மேற்பார்வைதான் என்றது. எந்தக் கழிவுக்காக நம் பெண்கள் கண்ணீர் விட்டார்களோ, அந்தக் கழிவே அவர்களைத் தொழிலாளி என்று நிரூபித்துவிட்டது!

ஆனால் ஒன்று. சட்டம் யாருக்குப் பலன் கொடுத்தது? புத்தகத்தில் பேர் இருந்தவளுக்கு. ஒரு வீட்டில் அம்மா, மகள், மருமகள் மூன்று பேரும் சுற்றுவார்கள். பாஸ் புத்தகத்தில் ஒரு பேர்தான் இருக்கும். மற்ற இரண்டு பேரும் எத்தனை வருஷம் சுற்றினாலும் கணக்கில் வர மாட்டார்கள். கை பழகியது, பேர் ஏறவில்லை. அந்தப் பழைய சட்டம் பிற்பாடு 2020-ல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. நல நிதிக்கான வரி 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது நின்றது. சட்டத்தின் பெயர் மாறலாம், வரியின் வழி மாறலாம். ஆனால் பேர் பதிந்தவளுக்குத்தான் பலன் என்கிற விதி மட்டும் மாறவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம்

குற்றாலம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். செங்கோட்டையே 1956 நவம்பர் 1-ம் தேதி வரைக்கும் அந்த ராஜ்யத்தில்தான் இருந்தது. அங்கே வடக்கே கண்ணூரிலும் பீடித் தொழில் உண்டு. 1966-ம் வருஷச் சட்டத்தைக் கேரள சர்க்கார் 1968-ல் அமல்படுத்தப் போனபோது, அங்கே பீடி செய்வித்த பெரிய கம்பெனிக்காரர்கள், "இந்தச் செலவு எங்களுக்குக் கட்டாது" என்று கடையை மூடினார்கள். ஏறக்குறைய 12,000 பேர் ஒரே அடியாக வேலை இழந்தார்கள்.

அவர்கள் என்ன செய்தார்கள்? 1969 பிப்ரவரியில் கூட்டுறவுச் சங்கம் சேர்த்தார்கள். கேரள தினேஷ் பீடி என்று பெயர். சர்க்கார் கடன் கொடுத்துக் கைதூக்கி விட்டது. இலையைச் சங்கமே மொத்தமாக வாங்கியது. பெயரும் முத்திரையும் சங்கத்துடையது. விற்பனையும் சங்கத்துடையது. சட்டப்படி கூலி, போனஸ், லீவு, எல்லாம் கொடுத்தும் சங்கம் நின்றது. 1980-களின் தொடக்கத்தில் 40,000 பேர் வரைக்கும் அதில் வேலை செய்தார்கள். வேலைக்கூடத்தில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்கிற வழக்கமும் அங்கே உண்டு. வேலை பார்த்தபடியே உலக விஷயமும் தெரிந்துகொண்டார்கள்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் நமக்கு இன்றைக்கு முக்கியம். பீடிக்குத் தேவை குறைகிறது என்று தெரிந்ததும், 1990-களின் கடைசியில் அந்தச் சங்கம் வேறு தொழிலில் இறங்கியது. தேங்காய்ப் பால், மசாலாப் பொடி, ஊறுகாய், குடை, ஆயத்த ஆடை என்று பலதும் செய்தது. பீடி சுற்றின வேலையாட்களுக்குப் புது வேலை பழக்கினார்கள். பழக்கின பிறகு, "போய் எங்கேயாவது பிழைத்துக்கொள்" என்று விட்டுவிடவில்லை. மக்களுக்குத் தெரிந்த தினேஷ் என்கிற அதே பெயரிலேயே சரக்கு கடைக்குப் போயிற்று. புதுத் தொழில், ஆனால் பழைய சங்கம், பழைய பெயர், பழைய நம்பிக்கை. எத்தனை பேருக்குப் பீடி வேலை போயிற்றோ அத்தனை பேருக்கும் இதில் வேலை கிடைத்துவிடவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் வழி தெரிந்தது.

முதலாளி இல்லாத தொழிலாளி

பீடிக்காவது ஒரு முதலாளி உண்டு. குற்றாலம் சீசனில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூடையில் வைத்து விற்கிற பெண்ணுக்கு முதலாளி யார்? சோளக்கதிர் சுட்டு விற்கிறவளுக்கு யார்? அவளுக்கு அவளே முதலாளி, அவளே கூலி. விடிகாலையில் வட்டிக்குக் காசு வாங்கிச் சரக்கு எடுத்து, ராத்திரி அசலும் வட்டியும் கொடுத்துவிட்டு மிச்சத்தில் அரிசி வாங்குகிறவள்.

இப்படிப்பட்ட பெண்களைச் சேர்த்து குஜராத்தில் அகமதாபாத் நகரத்தில் இளா பட் என்ற அம்மையார் ஒரு சங்கம் தொடங்கினார். சேவா என்று பெயர். பதிவு செய்யப் போனபோது, "முதலாளி இல்லாமல் தொழிற்சங்கமா? யாரை எதிர்த்துப் போராடுவீர்கள்?" என்று கேட்டார்களாம். சங்கம் என்பது ஒருத்தரை எதிர்க்க மட்டும் இல்லை, தங்களுக்குள் ஒன்றாக இருக்கத்தான் என்று அந்த அம்மையார் வாதாடினார். 1972-ல் பதிவு கிடைத்தது. 1974-ல் அந்தப் பெண்கள் 4,000 பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுச் சொந்தமாக ஒரு கூட்டுறவு பாங்கியே ஆரம்பித்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குப் பாஸ் புத்தகத்தில் போட்டோ ஒட்டினார்கள். நம் சென்னையிலும் 1978-ல் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் பெண்கள் அமைப்பு, தெருவில் விற்கிற பெண்களுக்குச் சிறு கடன் ஏற்பாடு செய்வதில்தான் வேலையை ஆரம்பித்தது.

இளா பட் தலைமையில் மத்திய சர்க்கார் அமைத்த கமிஷன் 1988-ல் 'சிரமசக்தி' என்ற அறிக்கையைக் கொடுத்தது. இந்தியாவில் வேலை செய்கிற பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லாத வேலையில்தான் இருக்கிறார்கள் என்று அது சொல்லியது. ஆக, நம் ஊர் பீடித்தட்டும், குற்றாலத்துப் பழக்கூடையும் தனிக்கதை இல்லை. நாடு பூரா அதே கதைதான்.

திட்டங்கள் வந்தன

1979 ஆகஸ்டு 15-ம் தேதி மத்திய சர்க்கார் 'டிரைசெம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கிராமத்து இளைஞர்களுக்குச் சுயதொழில் பயிற்சி. சேர்கிறவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்றார்கள். 1982-ல் பெண்களுக்கென்றே 'டுவாக்ரா' வந்தது. தனித்தனி ஆளாக இல்லாமல் பத்துப் பதினைந்து பெண்களைக் குழுவாகச் சேர்த்து, சுழல் நிதி கொடுக்கிற திட்டம் அது.

டிரைசெமில் என்ன குறை கண்டார்கள்? அம்பர் சர்க்காவில் கண்ட அதே குறைதான். ஒரே வட்டாரத்தில் எல்லாருக்கும் தையல் கற்றுக்கொடுத்தால், துணி தைக்கக் கொடுக்க ஆள் எங்கே இருக்கிறது? உதவித்தொகை இருக்கிற வரைக்கும் வந்தவர்கள் பல பேர். பிறகு அந்தத் தொழிலைச் செய்தவர்கள் அதில் கொஞ்சம் பேர். 1999-ல் இந்தத் திட்டங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள்.

குழு என்ற வழி மட்டும் நின்றது. தமிழ்நாட்டில் 1983-ல் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் ஏற்பட்டது. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் பன்னாட்டு நிதி உதவியோடு சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. அதுவே மகளிர் திட்டமாக வளர்ந்து எல்லா மாவட்டத்துக்கும் வந்தது. ஏன் நின்றது? குழுவில் முதலில் சேமிப்பு, பிறகு கடன், பிறகுதான் தொழில். கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே கையில் ஒரு பிடி கிடைத்துவிட்டது.

உஜிரேயும் ஆய்க்குடியும்

பயிற்சியை ஒழுங்காகக் கொடுத்த இடங்களும் உண்டு. இரண்டைச் சொல்கிறேன்.

கர்நாடகத்தில் தர்மஸ்தலத்துக்குப் பக்கத்தில் உஜிரே என்று ஓர் ஊர். அங்கே 1982-ல் தர்மஸ்தல அறக்கட்டளையும் இரண்டு பாங்கிகளும் சேர்ந்து ஒரு பயிற்சி நிலையம் தொடங்கினார்கள். தங்க இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். நாட்கள் குறைவு, ஆனால் தொழிலோடு கணக்கு எழுதவும், விலை போடவும், பாங்கியில் பேசவும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். முடித்துவிட்டுப் போனவர்களை இரண்டு வருஷம் வரைக்கும் தொடர்ந்து கவனித்தார்கள். "தொழில் ஆரம்பித்தாயா, கடன் கிடைத்ததா, எங்கே மாட்டிக்கொண்டாய்?" என்று கேட்க ஒரு ஆள் இருந்தது. அந்த முறையைப் பார்த்துத்தான் 2009-க்குப் பிறகு மாவட்டந்தோறும் பாங்கிகள் நடத்துகிற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் வந்தன.

இன்னொன்று நம் பக்கத்திலேயே, தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் இருக்கிறது. அவ்வூர் ராமகிருஷ்ணன் என்ற இன்ஜினியரிங் மாணவர் 1975-ல் கடற்படைத் தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து, கழுத்தில் அடிபட்டு, கை கால் செயலிழந்தார். அவர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரின் பெயரில் ஒரு பகுதியைச் சங்கத்துக்கு வைத்தார். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு மருத்துவம், படிப்பு, தையல் போன்ற தொழில்பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில் என்பது அந்தச் சங்கத்தின் வழி. தொழில் கற்கிறவருக்கு முன்னால் கிடக்கிற தடையை முதலில் எடுத்துப் போட வேண்டும் என்பதுதான் அதில் நமக்குப் பாடம்.

நம் வீட்டுப் பெண்ணுக்கு என்ன தடை? கைக்குழந்தை. அடுப்பு. மாடு. சாயங்காலம் பஸ் கிடைக்குமா என்ற பயம். பயிற்சி பத்து மணிக்கு என்றால், பத்து மணிக்கு முன்னால் அவள் செய்து முடிக்க வேண்டிய வேலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள், ஐயா.

வயலிலேயே ஒரு வகுப்பு

விவசாயப் பயிற்சி என்றாலே ஆம்பிளைகளைக் கூப்பிடுவது நெடுநாள் வழக்கம். விதை நேர்த்தி செய்வது பெண். கூட்டத்துக்குப் போய்க் கேட்பது புருஷன். வீட்டுக்கு வந்து அவன் பாதியை மறந்துபோவான்! இதை மாற்றத்தான் 1986-ல் டென்மார்க் நாட்டு உதவியோடு தமிழ்நாட்டில் 'தான்வா' என்ற பண்ணை மகளிர் பயிற்சித் திட்டம் வந்தது. பெண் வேளாண் அலுவலர்கள் கிராமத்துக்கே வந்து, சிறு விவசாயி வீட்டுப் பெண்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். கற்றவள் பக்கத்து வீட்டுக்காரிக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு.

என்ன கற்றுக்கொடுத்தார்கள்? பெரிய மிஷின் எதுவும் இல்லை. விதை தேர்வு, விதை நேர்த்தி, உயிர் உரம் போன்ற செலவு குறைந்த வேலைகள். நெல் விதையைத் தேர்ந்தெடுக்கிற முறை ஒன்று உங்களுக்கே தெரியும்: வாளித் தண்ணீரில் ஒரு நல்ல கோழி முட்டையைப் போடுவது, முட்டை மிதந்து மேல் ஓடு நாலணா அகலம் வெளியே தெரிகிற வரைக்கும் உப்பைக் கரைப்பது, பிறகு விதையைக் கொட்டினால் பதரும் அரைவயிறு நெல்லும் மேலே வரும். அதை அரித்து எடுத்துவிட்டு, அடியில் தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசி விதைப்பது.

இந்தப் பயிற்சிக்குச் சரக்கு எங்கே? அவள் வீட்டுக் குதிரில். சந்தை எங்கே? அவள் வயலில். யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அதனால்தான் கற்றது கையிலேயே நின்றது.

இனி என்ன செய்யலாம்?

பீடி வேலை குறைவதை நாம் தடுக்க முடியாது. புகையிலை உடம்புக்குக் கேடு. சுற்றுகிறவளும் நாள் முழுக்க அந்தத் தூளைத்தான் சுவாசிக்கிறாள். உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தை இந்தியா 2004-ல் ஏற்றுக்கொண்டது. புகையிலையை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு வேறு தொழில் காட்ட வேண்டும் என்று அந்த ஒப்பந்தத்தின் 17-ம் பிரிவே சொல்கிறது. ஆகவே மாற்றுத் தொழில் பயிற்சி என்பது தர்மம் இல்லை. அது நம் பெண்களுக்குச் சேர வேண்டிய பாக்கி. கேட்டு வாங்கலாம்.

ஆனால் வாங்குவதற்கு முன்னால் ஐந்து கேள்வி கேளுங்கள்.

முதலாவது, சரக்கு எங்கேயிருந்து வரும்? நம் கைக்கு எட்டுகிற சரக்காக இருந்தால் நல்லது. புளியங்குடியில் எலுமிச்சை இருக்கிறது. பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி வருகிறது. தோப்பில் தேங்காய் இருக்கிறது. விலை விழுந்து எலுமிச்சையைப் பறிக்கிற கூலிகூடக் கட்டாத நாளில், அதை ஊறுகாய் ஆக்கத் தெரிந்த கை வீட்டில் இருந்தால் யாருக்கு லாபம்?

இரண்டாவது, யார் வாங்குவார்கள்? நம் பக்கத்துக்கு இரண்டு காலத்தில் சந்தை தானாகவே தேடி வருகிறது. ஆனி, ஆடியில் குற்றாலம் சீசன்; கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள். அந்த இரண்டையும் கணக்குப் பண்ணுங்கள். மிச்ச மாதத்துக்கு என்ன வழி என்றும் கேளுங்கள்.

மூன்றாவது, கருவி யாருடையது? மிஷினைப் பயிற்சி நிலையத்தில் விட்டுவிட்டு, சர்டிபிகேட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன பிரயோசனம்? வாங்கக் கடன் யார் கொடுப்பார்கள் என்பது பயிற்சி தொடங்குகிற நாளிலேயே தெரிய வேண்டும்.

நாலாவது, பேர் எந்தப் புத்தகத்தில் ஏறும்? தையல்காரிக்குத் தமிழ்நாட்டில் தனி நல வாரியம் உண்டு. தெருவில் விற்கிறவர்களுக்கு 2014-ல் வந்த சட்டப்படி பேரூராட்சியில் சான்றும் அடையாள அட்டையும் உண்டு. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கென்று 2021-ல் இ-ஷ்ரம் பதிவு தொடங்கியது. பீடி அட்டை இருந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மகளும் மருமகளும் தொழில் செய்தால் அவரவர் பேரில் தனித்தனியாகப் பதியுங்கள்.

ஐந்தாவது, பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து யார் வந்து பார்ப்பார்கள்? யாரும் இல்லை என்று பதில் வந்தால், ஒரு தரத்துக்கு இரண்டு தரம் யோசியுங்கள். தனியாகப் போகாமல் குழுவாகப் போனால், கேட்க நாலு பேராவது இருப்பார்கள்.

இந்த ஐந்துக்கும் சரியான பதில் சொல்கிற வகுப்பு வந்தால், வீட்டுப் பெண்ணைத் தைரியமாக அனுப்பிவையுங்கள். அனுப்பிவையுங்கள் என்றால் வாயால் சொன்னால் போதாது, அண்ணாச்சி. அந்தப் பத்து நாளும் மாட்டுக்குத் தண்ணி காட்டுவதும், பிள்ளைக்குச் சோறு போடுவதும் உங்கள் பொறுப்பு. அது பயிற்சிக்கு நீங்கள் போடுகிற பங்கு.

தாய்மார்களே, ஆயிரம் பீடியை ஒரே அளவாகச் சுற்றிய கைக்கு எந்தத் தொழிலும் வரும். அதில் சந்தேகமே வேண்டாம். சரக்கும் சந்தையும் பேரும் கூடவே வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சமாசாரத்தை உங்கள் குழுக் கூட்டத்தில் ஒருத்தர் வாசிக்க, மற்றவர்கள் கை வேலை பார்த்தபடியே கேட்கலாம்.